எங்கள் வீட்டில் மட்டும் போன கரண்ட்

"புள்ள பிசிக்ஸு படிச்சிருக்காம். வீட்டுல ஒரு விளக்கு ஏத்தத் தெரியுமா?"

பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் கேட்ட கேள்வி இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டத்தை நெற்றியில் ஒட்டாத குறையாகத் திரிந்த காலம். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். (சிரித்திருக்கக் கூடாது.)

கல்யாணமாகி அம்பாசமுத்திரத்தில் வாடகை வீடு. மாமியாரும் எங்களோடுதான். ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்களுக்குச் சோறு என்பது அந்த வீட்டுப் பழக்கம். கணவர் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார், நான் நின்று பரிமாறுவேன். அதனால் என் கணவரிடம் எனக்கு மிகவும் பழக்கமான பகுதி அவருடைய உச்சந்தலைதான். ரெட்டைச் சுழி. ஒரு வேளையாவது முகம் பார்த்துச் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மாமியார் ஏரலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போன அன்று துணிந்தேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு ஜோடி சாப்பிடுகிற படத்தை ஏதோ வாரப் பத்திரிகையில் பார்த்திருந்தேன். சப்பாத்தி, குருமா, சேமியா பாயசம். எதிரெதிரே இரண்டு தட்டு. நடுவில் டம்ளரைக் கவிழ்த்து, அதன் மேல் மெழுகுவத்தி. பட்டுச்சேலை கட்டி, டியூப் லைட்டை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

பத்திரிகைக்காரருக்கு எங்கள் தெருவைத் தெரியாது. விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு வீடு மட்டும் இருட்டாகக் கிடந்தால் அங்கே யாரும் சும்மா போக மாட்டார்கள். வீட்டு உரிமையாளரான மாடி அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார்.

"ஏன் தாயி, ஃபியூஸ் போயிட்டா?"

கணவரோடு சேர்ந்து சாப்பிட ஆசை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "ஆமா அண்ணாச்சி" என்றேன்.

அவர் டார்ச்சும் ஃபியூஸ் கம்பியுமாகத் திரும்பி வரவும், என் கணவர் வந்து சைக்கிளை நிறுத்தவும் சரியாக இருந்தது. இருவரும் ஸ்டூல் போட்டு ஏறி, ஃபியூஸைக் கழற்றினார்கள், ஊதினார்கள், மாட்டினார்கள். கடைசியில் அண்ணாச்சி சந்தேகப்பட்டுச் சுவிட்சைத் தட்டினார். டியூப் லைட் இரண்டு முறை கண்ணடித்துவிட்டுப் பளிச்சென்று எரிந்தது.

"சுவிட்ச போடல, அவ்வளவுதான்" என்றார் பைய. "பிசிக்ஸு படிச்ச புள்ளன்னுல்லா ஒங்க அத்தை சொன்னாவ."

பட்டுச்சேலைக்குள் வியர்த்துக் கொட்டியது. அதைவிடப் பெரிய அடி அடுத்து விழுந்தது. என் கணவர் தட்டுகளைப் பார்த்தார்.

"ரெண்டு தட்டு இருக்கு. யாருளா வாராவ?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அந்த இரண்டாவது தட்டு எனக்காக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அண்ணாச்சிக்குத்தான்" என்றேன்.

அண்ணாச்சி மனங்குளிர்ந்து உட்கார்ந்தார். வீணாக எதற்கு எரிகிறது என்று என் கணவர் மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். நான் நின்று பரிமாறினேன். ரெட்டைச் சுழிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி வழுக்கை ஆரம்பித்திருப்பதை அன்று கண்டுபிடித்தேன். பாயசத்தில் எனக்கு மிஞ்சியது பாத்திரத்தின் அடிப்பிடிப்பு.

இன்றும் கரண்ட் போனால் மாமியார், "ஏளா, மொதல்ல சுவிட்ச போட்டுப் பாரு" என்கிறார். ஏரல் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இந்தக் கதை மனப்பாடம். நானும் சேர்ந்துதான் சிரிப்பேன். தட்டு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவர் சாப்பிட வந்தபோது, மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எதிரெதிரே இரண்டு தட்டு வைத்தேன்.

"யாருளா வாராவ?" என்றார் மாமியார்.

நான் உட்கார்ந்தேன்.