போகுமா, இருக்குமா: ஒரு முனைவர் பட்ட ஆய்வு

உலக வாணிபத்தின் தலையெழுத்தை டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் எழுதுகிறார்கள் என்று நம்புகிறவர்கள், எண்பத்தைந்தாம் ஆண்டில் பினாங்கில் எங்கள் ஆய்வு அறைக்கு வந்ததில்லை. அங்கே டாக்டர் விநாசித்தம்பியின் மேற்பார்வையில் நாங்கள் மூன்று பேர் வியூகமும் பன்னாட்டு மேலாண்மையும் கற்றோம். எந்தக் கம்பெனி எந்த நாட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனிகளுக்குத்தான் எங்களைத் தெரியாது.

எங்களில் தலைசிறந்தவன் அர்ஜுனன். ‘வெளிநாட்டுக் கம்பெனிகள் எப்போது ஒரு நாட்டை விட்டுப் போகின்றன?’ என்பது அவன் ஆய்வு. அதற்காகக் கடலுக்கு அக்கரையில் இருந்த பிறை என்ற ஊரில் ரேடியோ பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். வாசலைத் தாண்ட அவனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. நல்லவேளை, அவன் அக்கா குணவதி அங்கேதான் வேலை செய்தார். வினாத்தாள்களைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுபோய், தோழிகளிடம் நிரப்பி வாங்கி வருவார். இதற்கு எங்கள் துறையில் ‘களப்பணி’ என்று பெயர். பணி அக்காவுடையது, பட்டம் தம்பியுடையது.

ஒருநாள் அக்கா வேலை முடிந்து, சீருடையோடு ஃபெர்ரி ஏறி எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

“தம்பி, பயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரில வேலைக்குக் கூப்பிடுறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். எங்க கம்பெனிய மூடப் போறாங்கன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. உண்மையா? நீ அதத்தானே படிக்கிற?”

அர்ஜுனனுக்கு வியர்த்துவிட்டது. ஆராய்ச்சியில் இறங்கிய நாளிலிருந்து அவனை யாரும் இப்படிப் பதில் சொல்லக்கூடிய கேள்வி கேட்டதில்லை.

“எங்க சூப்பர்வைசர் டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்கா” என்றான்.

டாக்டர் உடனே ‘அவசரக் கருத்தரங்கு’ கூட்டினார். கேண்டீனிலிருந்து சுடச்சுடக் கறிபாப் பலகாரம் வந்தது. டாக்டர் கரும்பலகையில் பெட்டிகள் வரைந்து, அவற்றை அம்புகளால் இணைத்தார். அக்காவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தோம். ஆராயப்படுகிறவர் ஆராய்ச்சியைக் கேட்கலாகாது.

“கம்பெனி போகுமோ எண்டு முதலே சொல்லுறது சாதகம் பாக்கிற சாத்திரம், அர்ஜுனன். போன பிறகு ஏன் போனது எண்டு சொல்லுறதுதான் ஆராய்ச்சி. நீர் என்ன, சாத்திரியோ?”

“இல்ல டாக்டர்.”

எங்களோடு படித்த ரொஸ்னா, அப்படியானால் அந்த அக்காவின் வேலை என்னாவது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். டாக்டர் மிகுந்த பொறுமையோடு விளக்கினார். எங்கள் ஆய்வு நடப்பது ‘நிறுவன மட்டத்தில்’. அக்கா இருப்பது அதற்கும் கீழே.

பிறகு அர்ஜுனன் பக்கம் சாய்ந்து, “அவ வேறை பக்டரிக்குப் போனா மிச்ச வினாத்தாளை ஆர் நிரப்பித் தாறது?” என்றார். பாடநூல்களைப் புரட்டிப் புரட்டியும் பிடிபடாத ‘வியூகம்’ எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அர்ஜுனன் வெளியே போனான்.

“சாதகமான காரணிகளும் இருக்கு, பாதகமான காரணிகளும் இருக்குக்கா.”

“அப்படின்னா போகவா, இருக்கவா?”

“இப்போதைக்கு... இருங்க லா.”

“படிச்சவன் நீ சொன்னா சரிதான்” என்ற அக்கா, மிச்ச வினாத்தாள்களையும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஃபெர்ரிக்குப் போனார்.

சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்த காலையில் பேக்டரி பஸ் வரவில்லை. சீருடையோடு சாலையோரம் நின்ற பெண்கள், வெயில் ஏறிய பிறகு வீட்டுக்குத் திரும்பினார்கள். விடுமுறையிலேயே மெஷின்கள் கப்பலேறிவிட்டன. பயான் லெப்பாஸ் வேலையில் வேறொருத்தி சேர்ந்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சல் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுமுறை அல்ல என்பதால் அடக்கிக்கொண்டேன்.

செய்தியைக் கேட்டதும் டாக்டர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். “அருமை, அர்ஜுனன்! இப்பதான் உம்மடை ஆய்வு முழுமையாச்சுது!”

அர்ஜுனன் ‘டாக்டர்’ அர்ஜுனன் ஆனான். கெட்டி அட்டை போட்ட ஆய்வேட்டை அக்காவிடம் காட்டப் போனபோது நானும் கூடப் போனேன். யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த அக்கா, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். நன்றியுரையில் விரலை ஓட்டினார். டாக்டர் விநாசித்தம்பி இருந்தார், ரொஸ்னா இருந்தாள், நான் இருந்தேன், கறிபாப் போட்ட கேண்டீன்காரர்கூட இருந்தார்.

“என் பேரு எங்க தம்பி?”

“உள்ள ‘தகவலாளர் ஏ’ன்னு இருக்கே, அது நீங்கதான்கா. பேரப் போடக்கூடாது. ஒங்க பாதுகாப்புக்காக.”

ஆய்வு நெறியைக் காப்பதில் எங்கள் துறைக்கு நிகர் கிடையாது. அக்காவுக்கு வேலை போயிற்று. பெயர் மட்டும் வெளியே போகாமல் பத்திரமாகப் பார்த்துக்கொண்டோம்.