அறுபத்திரண்டாவது சாவு

"துணை ஷெரிப்பின் மார்பில் குண்டு பாய்கிறது. விழுகிறான். எழவில்லை."

ஆர்லோ ஸ்டிக்னி அந்த நீலத் தாளை மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் அவன் எழவில்லை. 'காப்பர் பெண்ட்' தொடரில் துணை ஷெரிப் வேறு யாருமல்ல, ஆர்லோதான்.

"அடப் பாவிகளா! ஒரு வருஷம்கூட முழுசா விட மாட்டீங்களா?" என்றார் தாளைப் பார்த்து.

பதினோரு வருஷமாகக் கௌபாய் தொடர்களில் சாவதுதான் அவர் பிழைப்பு. கூரையிலிருந்து விழுந்து செத்திருக்கிறார், குதிரைத் தண்ணித் தொட்டியில் குப்புற மிதந்திருக்கிறார், சீட்டாட்ட மேஜையில் கையில் நாலு ராஜாவோடு போயிருக்கிறார். மொத்தம் அறுபத்தொரு சாவு. பேக்கர்ஸ்ஃபீல்டில் இருக்கும் மாமியார், "உன் புருஷன் இன்னிக்கும் போயிட்டான்டி" என்று ஒவ்வொரு தடவையும் மகளுக்குப் போன் போடுவாள். நாற்பத்தாறு வயதில்தான் இந்தத் துணை ஷெரிப் வேஷம் வந்தது. மனுஷன் கிட்டத்தட்ட ஒரு வருஷமாக உயிரோடிருந்தார். மனைவி மேவிஸ் முதல் தடவையாக அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு டி.வி. முன்னால் உட்கார வைத்தாள்.

அந்த ஸ்டூடியோவில் ஆறு கௌபாய் தொடர்கள் ஓடின. கதை என்னவோ ஒன்றரைதான். ஒரு தொடரில் ஓடின கதையை எடுத்து, அங்கங்கே ஆளை மாற்றி அடுத்த தொடருக்கு அடித்துவிடுவார்கள். எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் ஆரம்பித்ததிலிருந்து இது இன்னும் மும்முரம். ஒரே பாங்கை ஆறு ஊரில் கொள்ளையடித்தார்கள், யாரும் கேட்கவில்லை. அடிப்பவள் டைப்பிஸ்ட் பெர்னிஸ். முதல் பிரதி வெள்ளை, திருத்தினால் நீலம், அதையும் திருத்தினால் ரோஜா நிறம், அதற்கும் மேலே மஞ்சள்.

மறுநாள் காலை ஆர்லோவின் தபால் பெட்டியில் ரோஜாத் தாள் ஒன்று மடித்துக் கிடந்தது. அவர் தொடவே இல்லை. சாவு நீலத்தில் வந்தாயிற்று, ரோஜாவில் வேறென்ன வரும், புதைக்கிற காட்சிதானே என்று அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

போகிற வழியில் காஸ்ட்யூமர் ஓட்டோ பிடித்துக்கொண்டார்.

"கையைத் தூக்கு. ம்... தோள்லேர்ந்து முழங்கால் வரைக்கும் அளவெடுக்கணும்."

"எதுக்கு ஓட்டோ?"

"கோட்டு. கருப்பு. நல்ல துணி."

"கருப்பா? எப்பத்துக்கு?"

"வெள்ளிக்கிழமைக்கு. என்னை ஒண்ணும் கேக்காதே, மேலிடத்து உத்தரவு."

பிணத்துக்குப் போடத்தான் நல்ல துணியாகக் கொடுப்பார்கள். ஆர்லோ நேரே தயாரிப்பாளர் மில்ட்டன் ஃபாஸின் அறைக்குப் போனார்.

"சார், எனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு."

ஃபாஸ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "யாரு சொன்னது உனக்கு?"

"யாரோ. உண்மைதானா?"

"கதவைச் சாத்து. இதோ பார், வெளியில மூச்சு விடக் கூடாது. நம்ம ஷெரிப் ட்ரேவிஸ் காதுக்குப் போச்சுன்னா எல்லாம் கெட்டுப்போகும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு. நல்லாச் சாப்பிடு, நல்லாத் தூங்கு." சொல்லிவிட்டு ஆர்லோவின் தோளில் தட்டினார்.

ஃபாஸ் தன் சொந்தப் பிள்ளையைக்கூடத் தட்டிக்கொடுத்தவர் இல்லை. ஆர்லோவுக்குச் சந்தேகமே தீர்ந்துபோயிற்று.

வீட்டில் மேவிஸ் விஷயத்தைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

"பக்கத்து வீட்டு க்ளாரா வெள்ளிக்கிழமை நீ சாகாம ஒரு வருஷம் ஆகறதுன்னு கேக் பண்ணிக் கொண்டுவரேன்னு சொல்லியிருக்கா, ஆர்லோ. எங்கம்மா இப்பத்தான் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவே ஆரம்பிச்சிருக்கா."

"நான் என்ன பண்ணட்டும்? நானா சாகறேன்னு சொன்னேன்?"

"ட்ரேவிஸ்கிட்டப் போ. ஷெரிப்பா நடிக்கறவன் பேச்சை ஃபாஸ் தட்ட முடியாது."

"அவர் காதுக்குப் போகக் கூடாதுன்னு ஃபாஸ் சொன்னாரே."

"சொல்ல மாட்டானா பின்னே? அவன் தடுத்துடுவான்னு பயம். போய் நல்லா நாலு வார்த்தை புகழு. அவன் புகழ்ச்சிக்கு உருகற ஆளு."

ஆர்லோவின் புத்தி எங்கே போயிற்றோ, வியாழக்கிழமை போனார்.

ட்ரேவிஸ் மெக்கார்டில், ஸ்டூடியோவில் தனக்காக நிறுத்தியிருந்த வண்டி அறையில், முழங்கால் வரை தொங்கும் கருப்புக் கோட்டோடு கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தான். ரெண்டு மாசமாக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். விளம்பரம் கொடுக்கிற கம்பெனிக்காரன் சோளப்பொரி டப்பாவில் குதிரை படத்தைப் பெரிதாகவும் அவன் படத்தைச் சின்னதாகவும் போட்டுவிட்டான்.

"நீங்க இல்லேன்னா காப்பர் பெண்ட்னு ஒரு ஊரே இல்ல" என்று ஆரம்பித்தார் ஆர்லோ. "நீங்க நடந்து வந்தா தெருவே அடங்கிடுது. உங்க பக்கத்துல நிக்கறதுதான் எனக்குக் கௌரவம். நீங்க நிக்கற வரைக்கும்தான் நாங்கள்ளாம் நிப்போம். அதனால, ஒரு சின்ன..."

ட்ரேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "குதிரையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"குதிரை கிடக்குது. நான் வந்தது என்னன்னா..."

"சொல்லாதே. எல்லாம் புரியுது. நாலு வருஷத்துல என்கிட்ட இப்படி மனசு விட்டுப் பேசின ஒரே ஆள் நீதான். இப்பவே ஃபாஸைக் கூப்பிடறேன்."

"நிஜமாவா?"

"என்னை நம்பு. நீ போய் நிம்மதியா இரு." கையைப் பிடித்துக் குலுக்கி வெளியே அனுப்பிவிட்டான்.

அன்று ஆர்லோ விசில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மேவிஸ் க்ளாராவை வரச்சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை மஞ்சள் தாள் கைக்கு வந்தது. "துணை ஷெரிப்பின் மார்பில் குண்டு பாய்கிறது. விழுகிறான். எழவில்லை." ஒரு எழுத்து மாறவில்லை. தாளோடு ஃபாஸிடம் ஓடினார்.

ஃபாஸ் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "கல்லறை செட் போட்டாச்சு ஆர்லோ. யாராவது ஒருத்தர் படுத்துத்தான் ஆகணும்."

ஓட்டோ பாதி தைத்த கருப்புக் கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, ஆர்லோவைத் தாண்டிப் போனார். ட்ரேவிஸ் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "உன்னை மறக்க மாட்டேன் ஆர்லோ!"

ஆர்லோ செத்தார். என்ன சாவு! அறுபத்தொரு சாவில் ஒன்றுகூட இப்படி வாய்க்கவில்லை. சுடப்பட்டதும் தள்ளாடவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை. ஏதோ நம்ப முடியாத ஒன்றைக் கேட்டவர் மாதிரி நின்றார், அப்புறம் மெல்ல உட்கார்ந்து, சாய்ந்தார். லைட் பிடிப்பவர்கள்கூடக் கை தட்டினார்கள். ஒரே ஷாட்டில் ஓகே. எழுந்து மேல் சட்டைப் புழுதியைத் தட்டும்போதுதான், சாயந்திரம் கேக் வருகிறது என்பது நினைவுக்கு வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தபால் பெட்டியைக் காலி செய்து, அதில் கிடந்த ரோஜாத் தாளைப் பிரிக்காமலே பெர்னிஸ் மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு இனிமே வேண்டாம்மா."

பெர்னிஸ் எடுத்துப் பார்த்தாள். "ஐயோ, இதை நீங்க பிரிக்கவே இல்லையா? அந்த நீலத் தாள் தப்பு, மிஸ்டர் ஸ்டிக்னி. பழைய கதையில செத்தது துணை ஷெரிப். நம்ம தொடருக்கு ஷெரிப்னு மாத்தி அடிக்கணும், மறந்துட்டேன். ட்ரேவிஸ் சார் சினிமாவுக்குப் போறதா இருந்தாரே, அதனால அவர் சாகணும், அடுத்த வாரத்துலேர்ந்து நீங்கதான் ஷெரிப், அதை மட்டும் அவர்கிட்ட மறைச்சிருந்தாங்க. அன்னிக்கே ரோஜாவுல திருத்திட்டேன்."

பெர்னிஸ் மெஷினில் அடுத்த தாளைச் செருகிக்கொண்டே சொன்னாள்:

"ஆனா நேத்து எவனோ ஒரு புண்ணியவான் அவர் அறைக்கே போய், நீங்க இல்லாம ஊரே இல்லேன்னு அழ வெச்சுட்டானாம், மனுஷன் உடனே ஃபாஸைக் கூப்பிட்டு இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டார். கடைசியில பாருங்க, நான் பண்ணின தப்பே சரியாப் போச்சு!"