வாய்தா வக்கீலின் கடைசிக் காரணம்

தர்மபுரி கோர்ட்டில் கேஸ் ஜெயித்த வக்கீல்களும் உண்டு, தோற்ற வக்கீல்களும் உண்டு. இரண்டையும் செய்யாமலே டில்லி சட்டசபை வரைக்கும் போனவர் வாய்தா வக்கீல் ஒருவர்தான். அவருடைய நிஜப்பெயர் வாசல் போர்டில் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். நான் அப்போது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க். வாய்தா கேட்க அவர் சொல்லும் காரணங்களை எழுதி எழுதியே என் கையெழுத்து கெட்டது. கறுப்புக் கோட்டை எலி கடித்துவிட்டது. மாரண்டஹள்ளி பஸ் மேட்டில் நின்றுவிட்டது. பல்வலி. பல்லைப் பிடுங்கிய வலி. மாமியாருக்குத் தீர்த்தமலையில் வேண்டுதல். அந்த அம்மாள் காலமாகி ஐந்து வருஷமாகியிருந்தது. வேண்டுதல் மட்டும் பாக்கியாம்.

அவருடைய நிரந்தரக் கட்சிக்காரர் சித்தேரி மலைச் சடையன். ரிசர்வ் காட்டில் கடுக்காய் பொறுக்கியதாக வழக்கு. பொறுக்கியது உண்மை. தீர்ப்பானால் மூன்று மாதம் உள்ளே போக வேண்டும்.

“வேற வக்கீல் கெடைக்கலீங்களா?” என்று ஒருநாள் சடையனைக் கேட்டேன்.

“மத்தவங்க வாதாடிப் போடுவாங்கய்யா. இவருன்னா சாமை வெதைக்க ஒரு வாய்தா, அறுக்க ஒரு வாய்தா. வூட்ல புள்ளைங்க கஞ்சி குடிக்குதுங்க.”

கடைசியில் மாஜிஸ்திரேட்டுக்கே பொறுமை போய்விட்டது. “வக்கீல் சார், திங்கக்கிழமை தீர்ப்பு. வலிக்கிறதுக்கு உங்க உடம்புல இனிமே எடமே இல்லை” என்றார். அது விதைப்புக் காலம். சடையன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அதுவரை வக்கீலின் தேச சேவை, கட்சிக் கூட்டத்தில் நன்றியுரை சொல்வதோடு சரி. அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தை நடுவே நின்று, “வெள்ளைக்காரன் யுத்தத்துக்கு உதவாதீர்கள்!” என்று கத்தினார்.

“வூட்டுக்குப் போங்க சார், வெயிலா இருக்குது” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். வக்கீல் அவர் காதருகே போய் இன்னொரு தரம் கத்தினார். வேறு வழியில்லாமல் கைது செய்தார்கள்.

மறுநாள் அவர் நின்றது குற்றவாளிக் கூண்டில்.

“வாய்தா வேணுமா?” என்று மாஜிஸ்திரேட்டே கேட்டார்.

“எனக்கா? வேண்டாங்க. இன்னைக்கே தண்டனையச் சொல்லிடுங்க.”

என் பேனா கீழே விழுந்தது. ஆறு மாதம் என்று தீர்ப்பானது. வக்கீல் கூண்டைவிட்டு இறங்கவில்லை.

“அடுத்து சடையன் கேஸுங்க. அவரோட வக்கீல் ஆறு மாசம் ஜெயில்ல இருக்கிறதால, வாய்தா தரணுங்க.”

 மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பி, “எழுதிக்குங்க” என்றார்.

வக்கீல் வெளியே வருவதற்குள் மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் முதலிலிருந்து விசாரித்தபோது சாட்சி சொல்ல ரேஞ்சர் வரவில்லை. கேஸ் தள்ளுபடியானது. சிறை சென்ற தியாகிக்கு, யுத்தம் முடிந்து வந்த தேர்தலில் டில்லி சட்டசபைக்கு டிக்கெட் கிடைத்தது; போனார். அங்கே என்ன முழங்கினார் என்று பேப்பரில் தேடினேன். ஏதோ ஒரு மசோதாவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கச் சொன்னாராம்.

மறு வருஷம் வக்கீல் மாரடைப்பில் காலமானார் என்று தந்தி வந்தது. விஷயம் கேள்விப்பட்டு, சாமை மூட்டையோடு மலையிறங்கி வந்தார் சடையன்.

“அய்யாவுக்கு நீங்க ஒரு வாய்தா வாங்கியிருக்கக் கூடாதுங்களா?”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்:

“எந்தக் காரணத்தைச் சொல்லிக் கேக்கறதுங்க? அத்தனையும் உங்க கேஸுக்கே சொல்லித் தீத்துட்டாரே.”