புலி இரண்டு தடவை அமுக்கிய பிட்

ஒரு காட்டில், தரைக்குக் கீழே வளை தோண்டி, செதிலாண்டி என்ற அலங்கு, உடம்பெல்லாம் செதிலுள்ள எறும்புதின்னி, குடியிருந்தது. எறும்பு தின்பது அதன் பிழைப்பு. காட்டுக் கணினியின் அடிமட்ட நிரலைக் கட்டிக்கொண்டு அழுவது அதன் தலையெழுத்து. மேலே மயிலும் கிளியும் கலர் கலராகத் திரை வடிவமைத்துப் பேர் வாங்கின. அடியில் என்ன ஓடுகிறது என்று ஒரு ஜீவன் கேட்டதில்லை. ஓடுகிற வரைக்கும் யார் கேட்பார்கள்?

காட்டுக்கு ஒரே குளம், அதற்கு ஒரே வாசல். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைக் கணினி ஒரு பைட்டில் வைத்திருந்தது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட், இனத்துக்கு ஒரு பிட். பிட் ஒன்று என்றால் அந்த இனம் குளத்தில் இருக்கிறது, பூஜ்யம் என்றால் இல்லை. புலியின் பிட் ஒன்றானால் வாசலில் சிவப்பு விளக்கு எரியும், மான்களுக்குக் கதவு திறக்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் மாதம் தவறாமல் ஒரு மான் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

செதிலாண்டிக்கு மனசு கேட்கவில்லை. நிரலைக் கிளறிப் பார்த்தது. அதை எழுதிய கருங்குரங்கு நல்ல வேலை கிடைத்து எப்போதோ வேறு காட்டுக்குப் போய்விட்டது. இனத்துக்கு ஒரு பொத்தான், வந்தாலும் போனாலும் அதேதான்; உள்ளே போக அதை அமுக்கினால்தான் கதவு திறக்கும். அமுக்கினால் பிட்டைத் திருப்பிப் போடு என்று ஒற்றை வரியில் வேலையை முடித்திருந்தது அந்தச் சோம்பேறி. பூஜ்யம் ஒன்றாகும், ஒன்று பூஜ்யமாகும். வேங்கடம் என்ற புலி நுழையும்போதே இரண்டு தடவை அமுக்கிவிட்டு நாணலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். கணினியைப் பொறுத்தவரை குளத்தில் புலியே கிடையாது.

அடப்பாவி என்று அலங்கு உடனே திருத்தியது. வர ஒரு பொத்தான். போக வெளியே ஒரு பொத்தான், அது கதவு சாத்திய பிறகுதான் வேலை செய்யும். வருகிற பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் புலியின் பிட் ஒன்றாகவே இருக்கும், மற்ற ஏழு பிட்டும் அசையாது. எழுதி முடித்ததும் செதிலாண்டிக்குத் தன்மேல் தனக்கே பிரியம் வந்துவிட்டது.

மறுநாள் வேங்கடம் அமுக்கு அமுக்கென்று அமுக்கிப் பார்த்தது. விளக்கு அணையவில்லை, மானும் வரவில்லை. பசி எரிச்சலில் அது போகிற பொத்தானைத் தொடாமலே வீட்டுக்குப் போய்விட்டது. பிட் ஒன்றாகவே நின்றது. காலிக் குளத்துக்கு வெளியே மான்கள் நாக்கு வறண்டு நின்றன. குட்டிகள் ஈரக் கல்லை நக்கின. திட்டெல்லாம் அலங்குக்குத்தான் விழுந்தது.

கரடி அதிகாரி கூட்டம் போட்டது. தன் குடும்பமே பழைய நிரலை நம்பித்தான் இருக்கிறது என்று புலி முறையிட்டது. அடுத்து மான்களின் தலைவர் கொம்பையா எழுந்தார்.

"ஐயா, முன்னே மாசத்துக்கு ஒருத்தர்தான் போனோம். இப்ப எல்லாரும் ஒண்ணா சாகப்போறோம். பழசையே போட்டுக் குடுத்திருங்க."

"போகும்போது ஒரு தடவை அமுக்கிட்டுப் போகச் சொல்லுங்க, போதும்" என்றது செதிலாண்டி.

சபை மொத்தமும் புலியைப் பார்த்தது. புலி கொட்டாவி விட்டது. பல் தெரிந்தது. புலிக்குச் சொல்வதைவிட அலங்குக்குச் சொல்வது சுலபம் என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பட்டது. ஓடிக்கொண்டிருந்ததை எதற்குத் தொட்டாய் என்று கரடி கடிந்துகொண்டது. செதிலாண்டி வயிறு எரிய எரிய பழைய வரியைத் திரும்பப் போட்டது, பிட்டைப் பூஜ்யமாக்கியது. கொம்பையாவைத் தனியே கூப்பிட்டு, உள்ளே போகுமுன் நாணலை ஒரு பார்வை பார்க்கச் சொல்லிக் கெஞ்சியது. நீ உன் வேலையைப் பார் என்றார் அவர்.

மான்களுக்கு ஒரே கொண்டாட்டம். தண்ணீரை மீட்டுத் தந்த தலைவருக்குத் தழை மாலை போட்டு, முதல் வாய் அவர்தான் குடிக்க வேண்டும் என்று வாசலில் ஒதுங்கி நின்றன. விளக்கு அணைந்திருந்தது. கொம்பையா நிமிர்ந்த கொம்போடு உள்ளே போனார். நாணல் அசைந்தது.

புலி சாப்பிட்டுக் கிளம்பியதும் மற்ற மான்கள் வயிறு நிறையக் குடித்தன. அன்றைக்கே புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தன. அவர் நேராக அலங்கின் வளைக்கு வந்து குனிந்து சொன்னார்.

"ரொம்ப நன்றி தம்பி. இப்பதான் எல்லாம் ஒழுங்கா ஓடுது."

நீதி: பிழையைத் திருத்துமுன், அதனால் சாகிறவரிடம் அனுமதி வாங்கவும்.