மொட்டை மாடி யானை

அந்தச் சுவரைக் காப்பாற்றியே தீருவது என்று தூண் சார் முடிவு செய்தார். எதிரி வெளியாள் இல்லை. மனைவிதான்.

தூண் சார் என்பது பாலிடெக்னிக் பிள்ளைகள் வைத்த பெயர். கட்டடம் எப்படி நிற்கிறது, ஏன் விழுகிறது என்பதுதான் அவர் பாடம். எதைக் கேட்டாலும் தூணை உதாரணம் காட்டுவார். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை தூண் மாதிரியே நிற்பார். பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கும் தானே தூண் என்று அவருக்கு ஓர் எண்ணம். மனைவியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளத்தான் தைரியம் வரவில்லை.

சுவர், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நிற்கிறது. இந்தப் பக்கம் அவர் மேஜை, கம்ப்யூட்டர், புத்தக அலமாரி. அந்தப் பக்கம் அடுப்பு, மனைவி. சாயங்காலம் முழுக்க "பேப்பர் திருத்துறேன்" என்று உட்கார்ந்து பாலம் கட்டும் விளையாட்டு ஆடுவார். வகுப்புக்காக அவரே செய்த விளையாட்டுதான். இருந்தாலும் ஆடுவது ஆடுவதுதான். சுவர் போனால் அடுப்படியிலிருந்து திரை தெரியும். விஷயம் அவ்வளவுதான்.

"ஏங்க, இந்தச் சுவரை எடுத்துடலாம்."

"ம்."

"ம்-னா சரியா?"

தூண் சார் விழித்துக்கொண்டார். "எந்தச் சுவர்?"

"இதோ நடுவுல நிக்குதே, இதான். இங்க நான் தனியா சுவரோட பேசிக்கிட்டிருக்கேன். நேத்து பால்ல உப்பைப் போட்டுட்டேன்னேன். அதுக்கும் ம்-னீங்க."

"கவனிச்சேனே. டீ கூட கொஞ்சம் கரிச்சுது."

"நான் போடவே இல்லை."

இதற்கு மேல் பேசினால் ஆபத்து. வாயில் வந்ததைச் சொன்னார்.

"அதை எடுக்க முடியாதும்மா. அது பாரம் தாங்குற சுவர். எடுத்தா வீடே உக்காந்துடும்."

"வீட்டைத் தாங்குதா?"

"ஆமா."

"பரவாயில்லை. இந்த வீட்டுல யாரையாவது தாங்குறதுக்கு ஒரு சுவராவது இருக்கே."

சொன்னது பச்சைப் பொய். வீடு கட்டி முடித்த பிறகு இடம் பிரிக்க எழுப்பிய ஒல்லிச் சுவர் அது. தன் மேல் பூசிய சுண்ணாம்பையும் ஒரு கடிகாரத்தையும் தவிர எதையும் தாங்கவில்லை. மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவள் ஒண்ணாம் வகுப்பு டீச்சர். அந்தப் பார்வை பட்டதும், வயிற்றுவலி என்று சுருண்டு படுத்த பிள்ளைகள் எழுந்து சிலேட்டை எடுத்திருக்கிறார்கள்.

அதனால் அவருக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது.

அவர் விளையாட்டு நல்ல விளையாட்டு. அதைக் குறை சொல்ல முடியாது. திரையில் ஒரு பாலமோ கட்டடமோ இருக்கும். சுவரை எடுக்கலாம், தூணை நடலாம், மேலே பாரம் ஏற்றலாம். பச்சை என்றால் சுகமாக நிற்கிறது. மஞ்சள் என்றால் முக்குகிறது. சிவப்பு வந்தால் கும்பிடு போட்டுவிட்டுத் தள்ளி நிற்க வேண்டியதுதான். கரும்பலகையில் எழுதி எழுதி ஏறாதது, ஒரு பாலத்தை நாலு தரம் இடித்ததும் பிள்ளைகள் மண்டையில் ஏறிவிடும். "இடிங்கடா," என்பார். "திரையில இடிஞ்சாதான் ஊர்ல இடியாது."

ஏற்றுவதற்கு ஆள், பீரோ, தண்ணீர்த் தொட்டி, யானை என்று வகைவகையாகப் பாரம் உண்டு. பிள்ளைகள் எப்போதும் யானையைத்தான் எடுப்பார்கள். யானையை ஒளித்து வைத்துப் பரீட்சை வைக்கவும் வசதி உண்டு. பாரம் கண்ணுக்குத் தெரியாது. அம்புக்குறிகளைப் போட்டால் அது இறங்கும் வழி மட்டும் தெரியும். வந்த வழியே மேலே போய் ஒளிந்திருப்பதைப் பிடிக்க வேண்டும்.

தூண் சார் சொந்த வீட்டை அதில் வரைந்தார். சுவரை எடுத்துப் பார்த்தார். வீடு பச்சைப் பசேல் என்று நின்றது. கம்ப்யூட்டருக்கு ஏது குடும்பம்? உண்மையைச் சொல்லிவிட்டது.

மொட்டை மாடியில், சரியாகச் சுவருக்கு மேலே, ஒரு யானையை ஏற்றினார். ஒளித்தார். மறுபடி சுவரை எடுத்தார். டமால். மனசாட்சி லேசாக முனகியது. அதற்கும் ஒரு 'ம்' போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"நான் சொன்னா நம்ப மாட்டே. நீயே எடுத்துப் பாரு."

எடுத்தாள். டமால்.

"பார்த்தியா? நான் என்ன பண்ணட்டும்? பாரம் பொய் சொல்லாது."

"அடடா," என்றாள் மனைவி. "நான் இன்னும் கொஞ்ச நேரம் ஆடட்டுமா?"

"தாராளமா ஆடு," என்று சொல்லிவிட்டு முடிவெட்டிக்கொள்ளப் போனார். சீட்டியடித்துக்கொண்டே திரும்பி வந்தபோது மனைவி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சொன்னதுதாங்க சரி. சுவர் இருக்கட்டும்."

"நான்தான் சொன்னேனே."

"ஆனா எனக்கு பயமா இருக்கு. பாவம், அவ்வளவு பாரம் தாங்குது. அதுமேல உங்க அலமாரி வேற சாஞ்சிருக்கு. அடியில நீங்க. திடீர்னு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது."

"வீடே உக்காந்துடும்னீங்களே."

ஆகும் என்றால் மேஜை போகும். ஆகாது என்றால் சுவர் போகும். தூண் சார் தூணாக நின்றார்.

"சமையல்கட்டு ஜன்னலோரம் நல்ல பச்சையா இருக்கு," என்றாள். "நான் பார்த்துட்டேன். மேஜையை அங்க போட்டுக்கோங்க. எனக்கு நீங்க முக்கியம்."

மேஜையை அவரே தூக்கினார். அலமாரியையும் அவரே இழுத்தார். இடுப்பு மட்டும் சிவப்புக்குப் போனது.

சமையலறையில் பாலம் கட்ட வழியில்லை. "பேப்பர்ல பாலமெல்லாம் ஓடுது?" என்று முதல் நாளே கேட்டுவிட்டாள். மறுநாள் கீபோர்டு இருந்த இடத்தில் பீன்ஸ் தட்டு வந்து உட்கார்ந்தது. கத்தியும் கூடவே வந்தது.

"என்னங்க இது? இவ்வளவு பெரிசா நறுக்கினா யானைதான் திங்கணும்."

தூண் சாருக்குத் திக்கென்றது. மெல்ல நிமிர்ந்தார். அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, கிண்டியபடியே சொன்னாள்: "ஸ்கூல்ல நாளைக்குப் பதில் கேட்டிருக்காங்க."

"எதுக்கு?"

"என்னைத் தலைமை டீச்சரா வரச் சொல்றாங்கல்ல, அதுக்கு."

கத்தி நின்றது. "எப்போ சொன்னாங்க?"

"போன வாரம். அன்னிக்கே சொன்னேனே."

"நான் என்ன சொன்னேன்?"

"ஏத்துக்கட்டுமான்னு கேட்டேன். ம். வேண்டாம்னு சொல்லிடட்டுமான்னு கேட்டேன். அதுக்கும் ம்."

தூண் சார் கத்தியைக் கீழே வைத்தார். நடுவில் சுவர் இல்லாமல் அவள் முகத்தை நேராகப் பார்த்து நாளாகியிருந்தது. கண்ணுக்குக் கீழே களைப்பு. வாயோரம் ஆசை. இரண்டும் தெரிந்தன.

"உனக்கு என்ன தோணுது?"

"ஆசையாத்தான் இருக்கு. ஆனா வர நேரமாகும். வீடு, அடுப்பு, எல்லாத்தையும் எப்படின்னு பயமாவும் இருக்கு."

அவருக்குத் தெரிந்த பாஷை ஒன்றுதான். அதிலேயே பேசினார்.

"எல்லாத்தையும் ஒரே இடத்துல ஏத்தினாத்தான் சிவப்பு வரும். பிரிச்சு இறக்கினா பச்சை. சாயங்காலச் சமையலை எம்மேல இறக்கிடு. நீ போய் சரின்னு சொல்லு."

"தாங்குவீங்களா?"

"தாங்குறேன்."

அவள் சட்டென்று திரும்பிக்கொண்டாள். குழம்பில் அப்படிக் கிண்ட ஒன்றுமே இல்லை. ஆனாலும் நெடுநேரம் கிண்டினாள். தூண் சாரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஒண்ணு சொல்லணும். கோபப்படாதே. அந்தச் சுவர் எதையும் தாங்கலை. நான்தான் மாடியில ஒரு..."

"யானை," என்றாள் மனைவி. "தெரியும். அம்புக்குறியைப் புடிச்சுக்கிட்டே மேல போனேன், நின்னுச்சு. வெயில்ல பாவமா இருந்துச்சு. இறக்கி விட்டுட்டேன்."

"எப்போ?"

"நீங்க முடிவெட்டப் போனீங்கல்ல, அப்போ."

தூண் சாரின் காது சூடாகிவிட்டது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இறுதியாண்டுப் பிள்ளைகளே ஒளித்த யானையைப் பிடிக்கத் திணறுவார்கள்.

"தப்புதான்," என்றார். "நாளைக்கே ஆள் கூட்டிட்டு வர்றேன். சுவரை எடுத்துடலாம்."

"எதுக்குங்க? தூசி, சத்தம், செலவு." அவள் பீன்ஸ் தட்டை அவர் பக்கமே தள்ளினாள். "சுவரை நகர்த்துறதை விட உங்களை நகர்த்துறது சுலபமா இருந்துச்சு."