ஒரு கை குறைகிறது

வயதானால் தோள்பட்டை பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியாமல் போகும் என்பார்கள். எனக்கு அந்த நோய் இருபத்திரண்டு வயதிலேயே வந்துவிட்டது. வைத்தியம் பார்த்தவர்கள் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் பதினோரு பேர்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. சேந்தமங்கலத்தில் வளர்ந்த என்னைக் கொல்லிமலையில், அரியூர் நாட்டுச் சிற்றூர் ஒன்றின் போர்டு பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியாராக அனுப்பினார்கள். ரோடு கிடையாது. காலையில் அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால் பொழுது சாயத்தான் மேலே சேரலாம். என் தகரப் பெட்டியில் இரண்டு வேட்டி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, நாலு கட்டி வாசனைச் சோப்பு. (மலையேறினாலும் மாப்பிள்ளைக் களை குறையக் கூடாதாம்.) அந்த ஊரில் துணிக்கு உவர்மண், தலைக்கு அரப்பு. சோப்பு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

துணி துவைக்க ஊருக்குக் கீழே ஓர் ஓடை இருந்தது. அங்கே அட்டை கடிக்கும். முதல் வாரம் என் காலில் ஒட்டிய ஒரே ஒரு அட்டையைப் பார்த்து நான் போட்ட கூச்சலில், மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் மிரண்டு ஓடின. அதோடு ஓடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஊரே குடிக்கிற ஊற்றுக்கு மேலே, புதர் மறைவில் ஒரு சின்ன வாய்க்கால் இருந்தது. ஞாயிறுதோறும் யாரும் எழுந்திருக்கும் முன்னால் அங்கேயே துவைத்துவிடுவேன். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று யோசிக்கவே இல்லை. (பூகோளப் பாடமும் நான்தான் நடத்தினேன்.)

ஊற்றில் நுரை மிதந்தது. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் கூட்டம் போட்டார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஊற்றுக்கு மேல்பக்கம் போய்வந்ததை யாரோ பார்த்திருந்தார்கள். குழந்தைத் துணியை அவள்தான் அலசியிருப்பாள் என்று பேச்சு. அவள் என் மாணவி பொன்னாயியின் அம்மா.

“நான் வெறகுக்குப் போனனுங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

அந்த ஊர் வழக்கத்தில் தலையை எண்ணி முடிவு செய்வது கிடையாது. உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும், குற்றம் சாட்டப்பட்டவர் உட்பட, ஒத்துக்கொள்கிற வரை கூட்டம் கலையாது. பொழுது சாய்ந்தது. குழந்தை பசியில் வீறிட்டது. கடைசியில் அவள், “சரிங்க, என்னாலதான்னு வெச்சுக்கோங்க” என்றாள். ஒரு மாதம் அவள் ஊற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது, ஓடைக்குத்தான் போக வேண்டும் என்று முடிவாயிற்று.

நானும் அங்கே இருந்தேன். மரியாதைக்கு எனக்குப் பலகை போட்டிருந்தார்கள். என் சட்டையில் வந்த சோப்பு மணம் எனக்கே அடித்தது. கவுண்டர் என்னைப் பார்த்தபோது தலையாட்டினேன். பத்து நாளில் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க டிப்டி இன்ஸ்பெக்டர் வருகிறார், அவர் எழுதும் ஒரு வரியில்தான் என் வேலை நிலைக்க வேண்டும் என்ற பயம். பயம்தான், வேறொன்றுமில்லை. மறுநாளிலிருந்து வாய்க்காலில் துவைப்பதை நிறுத்தினேன். நுரையும் நின்றது. “பாத்தீங்களா, அவதான்” என்றது ஊர். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

இன்ஸ்பெக்டர், ஆட்கள் தோளில் சுமந்து வந்த டோலியிலிருந்து இறங்கினார். அவரை அசத்துவதற்கு நான் வைத்திருந்த பாடம், பஞ்சாயத்து போர்டு நடக்கும் விதம். “இவர்களுக்கு ஆட்சி என்றால் என்னவென்றே தெரியாது சார். நான்தான் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தேன்” என்று ஊர்க்கவுண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். பிள்ளைகள் எல்லோரும் மெம்பர்கள். சடையன் பிரசிடெண்டு. தெருவைப் பெருக்குவது பற்றிய தீர்மானத்தை நாலு நாளாக உருப்போட வைத்திருந்தேன். சடையன் வாயைத் திறந்ததுமே இன்ஸ்பெக்டர் கையமர்த்தினார்.

“மனப்பாடம் வேண்டாம். உங்கள் ஊரில் நிஜமாக நடந்த காரியம் ஒன்றைப் பேசுங்கள்.”

“ஊத்துல நொரை வந்துச்சுங்க,” என்றான் சடையன் உடனே. “பொன்னாயி அம்மாதான் பண்ணுனாங்கன்னு சொல்றவங்க கை தூக்குங்க.”

பத்துக் கைகள் உயர்ந்தன. பொன்னாயி மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

“பத்துக்கு ஒன்று! தீர்மானம் நிறைவேறியது!” என்று நான் அவசரமாக முடித்தேன்.

சடையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “அதெப்படிங்கய்யா? பொன்னாயி இன்னும் ஒத்துக்கலீங்களே.”

பெரும்பான்மை என்றால் என்ன என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். இன்னொருத்தி எழுந்து, “அப்ப பொன்னாயி இந்த ஊரு இல்லீங்களா?” என்றாள். ஊர்க்கவுண்டர் மீசைக்குள் சிரித்தார்.

“நீர் சும்மா இரும். அவர்கள் பேசட்டும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

பொன்னாயி எழுந்தாள். “எங்கம்மா தொவச்ச துணி மண்ணு வாசம் அடிக்குமுங்க. அந்த நொரை மணந்துச்சுங்க. நான் மோந்து பாத்தனுங்க.”

“என்ன மணம் கண்ணு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வாத்தியாரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் அம்மாவைக் காட்டிக்கொடுக்க எனக்கு வந்திருந்தது. முன்வரிசையில் இருந்த பொடியன் ஒருவன் துள்ளிக்கொண்டு சொன்னான்: “நம்ம வாத்தியாரு கிட்டப் போனா அடிக்குமுங்களே, அந்த மணமுங்க!”

இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சினார். (அன்றைக்கென்று இரண்டு தடவை தேய்த்துக் குளித்திருந்தேன்.)

சடையன் முறை தவறாமல் கேட்டான். “நொரை வாத்தியாரய்யாவோடதுன்னு சொல்றவங்க கை தூக்குங்க.”

பதினோரு கைகள்.

“ஏகமனதாக நிறைவேறியது. முடிந்ததல்லவா?” என்றார் இன்ஸ்பெக்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“இல்லீங்க,” என்றாள் பொன்னாயி. “ஒரு கை கொறையுதுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவசரப்படுத்தவில்லை, கோபப்படவில்லை. நான் ஒத்துக்கொள்கிற வரை உட்கார்ந்திருக்கப் போகிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் ஊர் வழக்கம் அது. இன்ஸ்பெக்டரும் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். சாக்பீஸ் பிடித்திருந்த என் கை எப்படியோ மேலே போயிற்று.

அன்று மாலையே ஊர் கூடியது. பொன்னாயியின் அம்மா முன்னால் விழுந்தேன். “எந்திரிங்க சாமி, போனது போச்சு. நாளைக்கு ஊத்தச் சுத்தமாத் தூர்வாரி உட்ருங்க” என்றாள். விழுந்து கிடந்த என் கண்ணுக்கு நேரே அவள் கால்கள் இருந்தன. முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்த புண்கள். அவற்றை எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனது இது: “பிள்ளைகள் ஸ்தல ஆட்சியை நன்கு அறிவார்கள். ஆசிரியர் அவர்களிடம் இன்னும் ஓராண்டு பயிலலாம்.” பயின்றேன்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் அச்சுவெல்லம் ஒன்று குறைந்தால் விசாரணை கிடையாது. என் மனைவி சமையலறையிலிருந்து, “ஒரு கை கொறையுதே!” என்று குரல் கொடுப்பாள். பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே தூக்குவேன்.

சோப்பு, இன்ஸ்பெக்டர், மூக்கு எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்தக் கால்களை மட்டும் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குத் தூக்கியது பாதிக் கைதான். மீதியை இப்போது தூக்குகிறேன்.