வால்வு அண்ணன் போர்த்துகீசியத்தில் பெண் கேட்டது

சிங்கப்பூருக்கும் பிரேசிலுக்கும் நடுவில் கிடக்கிற கடல் முழுவதையும் ஒரு ஹெட்போனை வைத்தே இறைத்துவிடலாம் என்று நம்பிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் அலுவலகத்தில், எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தார்.

பெயர் வால்வு அண்ணன். பாஸ்போர்ட்டில் வேறு ஏதோ இருந்திருக்கும். அதைக் குடிநுழைவு அதிகாரிகளைத் தவிர யாரும் பயன்படுத்தியதில்லை. எங்கள் அலுவலகம் சிங்கப்பூரின் ஜாலான் புசார் பகுதியில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே ஆணியும் போல்ட்டும் விற்கும் கடை. மேலே நாங்கள், கப்பல் பட்டறைகளுக்கு வால்வு விற்பவர்கள். அண்ணன் விற்பனை. நான் சரக்கு இருப்பைப் பார்க்கும் மென்பொருளைச் சோதித்துப் பராமரிப்பவள். எதைப் பார்த்தாலும் ‘எதிர்பார்த்தது’, ‘நடந்தது’ என்று மனதில் இரண்டு பத்தி போட்டுக்கொள்வது என் தொழில் வியாதி. வால்வு அண்ணன் விஷயத்தில் அந்த இரண்டு பத்திகளும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை.

முதலில் காதலைச் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் பிரேசிலுக்காக ஓர் எண்ணெய்க் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் போகும் வால்வுகளைப் பரிசோதிக்க அங்கிருந்து லூசியானா என்ற பெண் வந்திருந்தார். அண்ணன் கொடுத்த வால்வுகளில் பாதியைத் திருப்பி அனுப்பினார். அண்ணனுக்கு அவர்மேல் மரியாதை வந்தது. மீதியையும் திருப்பி அனுப்பினார். காதல் வந்தது. லூசியானாவுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. கப்பல் கிளம்பியது, அவரும் கிளம்பினார், ஆனால் அதற்குள் இருவரும் கல்யாணம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

மன்னார்குடியில் இருக்கும் அண்ணனின் அக்கா, “மீன் சாப்பிடுமா அந்தப் பொண்ணு?” என்ற ஒரே கேள்வியோடு சம்மதித்துவிட்டார். சிக்கல் அந்தப் பக்கம் இருந்தது. லூசியானாவின் அப்பாவுக்குப் போர்த்துகீசியம் தவிர வேறு எதுவும் தெரியாது. அவர் சொல்லி அனுப்பியது இதுதான்: என் மகளையே மொழிபெயர்க்க வைத்து என் மகளைக் கேட்கக் கூடாது. அந்த ஆள் என்னோடு நேராகப் பேசட்டும். பேச முடியவில்லை என்றால் கல்யாணம் இல்லை.

அம்மா இல்லாத பெண். அப்பாவை மீறி வரமாட்டேன் என்று லூசியானாவும் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“அண்ணே, போன்லயே நிறைய ஆப் இருக்கு. இலவசம்” என்றேன்.

“போன்ல படிக்கிறதெல்லாம் பொழுதுபோக்கு தங்கச்சி. கம்ப்யூட்டர்ல படிச்சாதான் படிப்பு.”

அப்படித்தான் அந்த மென்பொருள் வந்தது. அட்டைப்பெட்டியில் குறுந்தட்டுகளாக, கூடவே ஒரு ஹெட்போனோடு, யாரோ பழைய சாமான்களை ஒழித்தபோது அண்ணனின் கைக்குக் கிடைத்தது. அவர் மடிக்கணினியில் குறுந்தட்டு போட இடமே இல்லை. நான் ஒரு வெளிக்கருவியைத் தேடிப்பிடித்து, அந்தக் கிழட்டு மென்பொருளை ஏமாற்றி ஓட வைத்தேன். பின்னால் நடந்த எல்லாவற்றிலும் என் பங்கு அங்கே தொடங்குகிறது.

மென்பொருள் நான்கு படங்களைக் காட்டும். ஒரு பெண்குரல் ஒரு வாக்கியம் சொல்லும். சரியான படத்தை அமுக்கி, அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பெண் தண்ணீர் குடிக்கிறாள். பையன் மேசைக்கு அடியில் இருக்கிறான். குதிரை வெள்ளையாக இருக்கிறது. மதிய இடைவேளை முழுக்க இதுதான். அந்தக் குரலுக்கு அண்ணன் ‘டீச்சரம்மா’ என்று பெயர் வைத்தார். பாடத்துக்கு உட்காரும்முன் காலணியைக் கழற்றிவிடுவார்.

ஒரு வாரம் போனதும் முணுமுணுக்க ஆரம்பித்தார்.

“இந்தப் பொண்ணு தண்ணி குடிக்கிறத இன்னும் எத்தனை நாளைக்குத்தான் பாக்குறது? ‘உங்க பொண்ணக் குடுங்க’ எப்ப வரும்?”

பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தேன். “தெரியல அண்ணே. அடுத்தது காய்கறி. அதுக்கு அப்புறம் நிறம், வானிலை.”

“வானிலை எதுக்கு? நான் என்ன விமானமா ஓட்டப்போறேன்?”

ஆனால் விடவில்லை. உச்சரிப்புதான் அவரை அதிகம் படுத்தியது. பட்டறை இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை. ‘தண்ணீர்’ என்று அவர் சொன்னால் தீப்பிடித்துவிட்டது என்று கீழ்க்கடையில் எட்டிப்பார்ப்பார்கள். டீச்சரம்மா சிவப்புப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் அண்ணனுக்குச் சளி பிடித்தது. அன்றைக்கு என்று எல்லாம் பச்சை. மூக்கடைத்துக்கொண்டால்தான் போர்த்துகீசியம் வரும் என்று கண்டுபிடித்தார். சளி குணமானதும், துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மூக்கில் மாட்டிக்கொண்டு படித்தார். அந்த நேரத்தில் போன் செய்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஒருநாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, உலகத்துக்கே நல்ல செய்தி சொல்பவர் போல எழுந்து நின்றார்.

“மேசைக்கு அவங்க ‘மேஸா’ங்குறாங்க. ஜன்னலுக்கு ‘ஜனேலா’. சாவிக்கு ‘ஷாவி’. தங்கச்சி, பாதி மொழிய நம்மகிட்டேருந்து எடுத்துட்டுப் போய்ட்டாங்க.”

“அவங்ககிட்டேருந்து நாமதான் எடுத்தோம் அண்ணே.”

“யார் எடுத்தா என்ன? குடும்பத்துக்குள்ளதானே” என்றார். அவர் கணக்கில் சம்பந்தம் அப்போதே முடிந்துவிட்டிருந்தது.

சரஸ்வதி பூஜை வந்தது. மடிக்கணினிக்கும் ஹெட்போனுக்கும் குங்குமம் வைத்து, அலமாரிமேல் ஏற்றிப் பூ போட்டார். அன்றைக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது அல்லவா, அதனால் பாடம் இல்லை. மறுநாள் திறந்தால், ‘நேற்று நீங்கள் படிக்கவில்லை’ என்று மென்பொருள் வருத்தமான முகம் காட்டியது. அண்ணனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

“சரஸ்வதி பூஜை அன்னைக்குப் படிக்கக் கூடாதுன்னு ஒரு டீச்சருக்குத் தெரியாதா?”

இதற்கு நடுவில், அவர் கவனிக்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. அலுவலகம் சிறியது, அண்ணனின் குரல் பெரியது. கணக்குப் பிரிவில் இருந்த மல்லிகா அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் சிங்கப்பூர் ‘லா’ போடுபவர். கல்யாணம், காதுகுத்து என்று எந்த வீட்டிலும் சடங்குக்குக் கடைசி வார்த்தை அவருடையது. சரக்கறையைப் பார்த்துக்கொண்ட லிம் அங்கிள் எங்களோடு தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே தட்டில் பிசைந்து பேசுவார்.

“இன்வாய்ஸ் அடிக்கிறப்ப என் வாயில ‘கவாலு, கவாலு’ன்னு குதிரை ஓடுது லா. இவரால எனக்குத் தூக்கமே போச்சு” என்று அக்கா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

கடைசியில் லூசியானாவின் அப்பா நாள் கேட்டார். உடனே நேரப் பிரச்சினை. நமக்கு ஞாயிறு காலை என்றால் அங்கே இன்னும் சனிக்கிழமை இரவு.

“சனிக்கிழமை பொண்ணு கேக்குறதா? ஓகே இல்ல லா” என்றார் மல்லிகா அக்கா.

“நமக்கு ஞாயிறுதானே அக்கா.”

“பொண்ணு வீட்டுல சனி. பொண்ணு வீட்டுக் கிழமைதான் கணக்கு.”

இரு நாட்டு நேரத்தையும் இரு நாட்டு ராகுகாலத்தையும் ஒரே அட்டவணையில் போட்டது நான்தான். சிங்கப்பூரில் ஞாயிறு மாலை ஏழு மணி: இங்கே ராகுகாலம் முடிந்திருக்கும், அங்கே தொடங்கியிருக்காது, இரண்டு பக்கமும் ஒரே கிழமை. என் தொழில் வாழ்க்கையில் நான் மிகவும் பெருமைப்படும் ஆவணம் அது.

அண்ணன் தங்கியிருந்த அறையில் இன்னும் நாலைந்து பேர் இருந்ததால், பெண் கேட்பது எங்கள் கூட்ட அறையில் என்று முடிவாயிற்று. லிம் அங்கிள் வந்து கதவைத் திறந்துவிட்டார். மல்லிகா அக்கா தேக்கா சந்தைப் பக்கம் போய் வெற்றிலை, பாக்கு, தேங்காய், மல்லிகைப்பூ, வாழைப்பழம் வாங்கி வெள்ளித்தட்டில் அடுக்கியிருந்தார். லிம் அங்கிள் தன் பங்குக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். சீனர் வழக்கப்படி ஜோடி ஜோடியாக.

“ரெட்டைப்படை ஆகாது அங்கிள்.”

“மல்லிகா, ஒத்தை குடுத்தா பேட் லக்.”

தட்டு முன்னும் பின்னும் இழுபட்டது. நான் ஒரு பழத்தை எடுத்து உரித்துத் தின்றேன். அக்காவுக்குத் திருப்தி. தோலைத் தட்டிலேயே வைத்தேன். அங்கிளுக்கும் திருப்தி. பிறகு பார்த்தால் ஆட்களே நால்வர்.

“சாஃப்ட்வேரையும் சேத்துக்கிட்டா அஞ்சு” என்றார் மாப்பிள்ளை. பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. “தங்கச்சி, இன்னைக்கு இது ஓடலன்னா எனக்கு வேற வழியில்ல” என்று மெதுவாகச் சொன்னார். அதுவரை நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

திரையில் அப்பா வந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. முன்னால் ஒரு மேசை, மேசைமேல் ஒரு மஞ்சள் கேக். லூசியானாவை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டிருந்தார்.

“போம் ஜியா” என்றார் அப்பா. காலை வணக்கம்.

மாதக்கணக்கில் மூக்கில் கிளிப்போடு படித்த வால்வு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பா மறுபடி ஏதோ கேட்டார். அண்ணன் வாயே திறக்கவில்லை.

“அண்ணே, பேசுங்க” என்றேன்.

“பொண்ணு கேக்குறப்ப மாப்பிள்ளை பேசக் கூடாதும்மா. பெரியவங்கதான் பேசணும். மல்லிகா அக்கா சொல்லிருக்காங்க.”

நான் மல்லிகா அக்காவைப் பார்த்தேன். “முறைன்னா முறைதானே” என்றார் அவர். நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல ஆங்கிலத்தில் மாப்பிள்ளையின் குணம், குலம், சம்பளம், சிகரெட் பிடிக்காமை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அப்பாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவர் முகம் சுருங்கியது. போர்த்துகீசியம் படித்திருக்கிறான் என்றார்களே, எங்கே என்று அந்த முகம் கேட்டது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். எழப்போகிறார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

அக்காவுக்கு வியர்த்தது. அவர் வாயிலிருந்து, அவர் அனுமதி இல்லாமலே, அது வெளியே வந்தது.

“ஓ மெனினு எஸ்தா எம்பைஷு த மேஸா.” பையன் மேசைக்கு அடியில் இருக்கிறான்.

அப்பா குனிந்து தன் மேசைக்கு அடியில் பார்த்தார்.

“ஓ கவாலு எ ப்ராங்கு” என்றார் லிம் அங்கிள் கம்பீரமாக. குதிரை வெள்ளையாக இருக்கிறது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிதானமானவள் என்று பெயர். ஆனாலும், பெண் தண்ணீர் குடிக்கிறாள் என்று பிழையில்லாத போர்த்துகீசியத்தில் நான் சொல்வது என் காதிலேயே விழுந்தது.

அப்பா எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று புரியச் சற்று நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை மறுபடி முன்னுக்கு இழுத்து, அண்ணனை நோக்கி விரலை நீட்டினார்.

“இ வொஸே?” நீ?

அண்ணன் மல்லிகா அக்காவைப் பார்த்தார்.

“என்னை ஏன் பாக்குற? மாமனார் கேக்குறாருல்ல, பேசு லா.”

அண்ணன் தலை நிமிர்ந்தார். கத்தவில்லை. மூக்கைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. அவர் சொன்ன சொற்கள் ஒவ்வொன்றும் பாடத்தில் வந்தவைதான்; அந்த வாக்கியங்கள் எந்தப் பாடத்திலும் இல்லை. நான் எல்லாப் பாடமும் கேட்டவள், எனக்குத் தெரியும்.

“இன்று நான் கொஞ்சம் பேசுகிறேன். நாளை இன்னும் பேசுவேன். நாளைக்கும் மறுநாள் இன்னும் பேசுவேன். எனக்கு அப்பா இல்லை. பேச ஆசை இருக்கிறது.”

அடுத்து என்ன செய்வது என்று தெரியாத மல்லிகா அக்கா, தெரிந்த ஒன்றைச் செய்தார். வெற்றிலைத் தட்டைத் தூக்கித் திரைக்கு நேராக நீட்டினார். எங்கோ இருந்த அந்த மனிதருக்கு இது என்ன சடங்கு என்று எப்படித் தெரியும்? எதிரில் ஒருவர் தட்டை நீட்டினால் சும்மா இருப்பது மரியாதை இல்லை என்று மட்டும் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கேக் தட்டை இரண்டு கையாலும் தூக்கி, கேமராவுக்கு நேராக நீட்டினார்.

திரையில் இரண்டு தட்டுகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன.

“தட்டு மாத்தியாச்சு லா” என்றார் மல்லிகா அக்கா. “இனி யாரும் பின்வாங்க முடியாது.”

கதவுக்கு வெளியே காத்திருந்த லூசியானா ஓடிவந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அண்ணன் வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். லிம் அங்கிள் தேங்காயை எங்கே உடைப்பது என்று கேட்டார். அலுவலகத்தில் கூடாது என்று நான் சொல்வதற்குள் படிக்கட்டில் உடைத்துவிட்டார்.

கல்யாணம் அங்கே நடந்தது. அண்ணனுக்கு அங்கேயே ஒரு துறைமுகத்தில், வால்வு சம்பந்தப்பட்ட வேலையே கிடைத்தது. இப்போது மாமனாரும் மருமகனும் நாள் முழுக்கப் பேசுகிறார்களாம், நடுவில் தனக்கு ஒரு வார்த்தை நுழைக்க இடமில்லை என்று லூசியானா எழுதுகிறார்.

போன வாரம் நான் காலை ரயிலில் இருந்தபோது அண்ணன் அழைத்தார். அங்கே முந்தின நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். என்ன விஷயம் அண்ணே என்றேன். ஒன்றுமில்லை என்றார். ரசம் வைத்தாராம், புளி கிடைக்காமல் எலுமிச்சை பிழிந்தாராம், மாமனார் இரண்டு கோப்பை குடித்தாராம். மிளகை எப்படி இடித்தார் என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது, அவருக்குச் சொல்ல விஷயம் எதுவும் இல்லை, தமிழில் பேச வேண்டும், அவ்வளவுதான். அலுவலகத்தில் எனக்காக ஒரு கூட்டம் காத்திருந்தது. ரயில் ஜாலான் புசாரில் நின்றது, கதவு திறந்தது. அண்ணன் தன் கதையில் அப்போதுதான் கடுகு தாளிக்க ஆரம்பித்திருந்தார். நான் இறங்கவில்லை.